நாலாம் வேற்றுமையும் நைட் டூட்டியும்

திண்டுக்கல்லில் ஜெர்மன் படிக்க யார் வருகிறார்கள் என்று வெளியூர் நண்பர்கள் ஆச்சரியத்தோடு கேட்பார்கள். என் வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் நர்ஸுகள். நைட் டூட்டி முடித்த கையோடு, நேரே பழனி ரோட்டிலுள்ள இந்த மாடி அறைக்கு வந்து உட்காருவார்கள். நத்தத்திலிருந்தும் நிலக்கோட்டையிலிருந்தும் ஒட்டன்சத்திரத்திலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் உண்டு. அடுத்த கூட்டம் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்த பையன்கள். ஜெர்மனியில் சம்பளத்தோடு தொழில் பழகும் 'அவுஸ்பில்டுங்' படிப்புக்குப் போக, இடைநிலை மொழித்தேர்வான பி1 சான்றிதழ் வேண்டுமென்று வருகிறார்கள். மூன்றாவதாக, கணவர் அங்கே வேலையில் இருக்க, விசாவுக்கு ஆரம்ப நிலைத் தேர்வான ஏ1 பாஸ் செய்தாக வேண்டிய இளம் மனைவிகள். கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு ஓடி வருவார்கள்.

இவர்களில் பலர் பத்தாவது வரை தமிழ் மீடியம். அதற்கு மேல் இங்கிலீஷில் படித்திருந்தாலும் மனசுக்குள் ஓடுவது தமிழ்தான். அதனால் நான் ஜெர்மனைத் தமிழ் வழியாகவே சொல்லிக்கொடுக்கிறேன். இது ஒரு வசதிக்காகச் செய்கிற ஏற்பாடு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தமிழ் தெரிந்தவருக்கு இங்கிலீஷ் வழியாக ஜெர்மன் கற்பிப்பது, திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போக மதுரையைச் சுற்றிப் போவது போன்றது. ஜெர்மன் இலக்கணத்தின் கஷ்டமான இடங்கள் பலவற்றில் தமிழ் நேரே கைகொடுக்கிறது, இங்கிலீஷ் குறுக்கே நிற்கிறது. இத்தனை வருஷ அனுபவத்தில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது.

எனக்கு ஜெர்மன் வந்தது மில் வழியாக. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் மெயின்டெனன்ஸில் இருந்தேன். எங்கள் கார்டிங் செக்‌ஷனில் நின்றவை ட்ரூட்ஸ்ஷ்லர் மெஷின்கள். ஜெர்மனியின் பழைய நெசவு நகரமான மோன்ஷென்கிளாட்பாக்கில் தலைமையகம் வைத்திருக்கும் கம்பெனி அது. புது மெஷின் எரெக்‌ஷனுக்கு அங்கிருந்து ஒரு எஞ்சினியர் வந்தார். வேலை மும்முரத்தில் அவருக்கு இங்கிலீஷ் மறந்துவிடும். 'ஃபெஸ்ட்' என்றால் இறுக்கு, 'லாக்கர்' என்றால் தளர்த்து, 'லங்சாம்' என்றால் மெதுவா, 'நோக் ஐன்மால்' என்றால் இன்னொரு தடவை. எட்டாம் வகுப்போடு நின்ற ஃபிட்டர்கள் இந்த வார்த்தைகளை ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். இங்கிலீஷில் ஒரு வாக்கியம் பேசக் கூச்சப்பட்டவர்கள், அவரிடம் ஜெர்மனில் தைரியமாகக் கத்தினார்கள். ஸ்பானரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட சொல்லுக்கு நடுவில் இன்னொரு மொழி தேவைப்படவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் நான் சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் சேர்ந்து முறையாகப் படித்தேன். ஜெர்மன் அரசின் ஆதரவில் உலகெங்கும் இயங்கும் கெதே நிறுவனம், இந்தியாவில் அந்தப் பெயரில்தான் அறியப்படுகிறது.

முதல் வாரம் முழுக்க ஒலிதான். இங்கே நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அனுகூலத்தை நான் முதல் நாளே சொல்லிவிடுவேன். ஜெர்மனில் குறில் நெடில் மாறினால் அர்த்தம் மாறும். 'பெட்' என்றால் கட்டில், 'பேட்' என்றால் பூச்செடி வைக்கும் பாத்தி. 'ஒஃபன்' என்றால் திறந்திருக்கிறது, 'ஓஃபன்' என்றால் அடுப்பு. 'ஷ்டட்' நகரம், 'ஷ்டாட்' அரசு. சென்னையில் என்னோடு படித்த வட இந்திய நண்பர்களுக்கு எ-ஏ, ஒ-ஓ வித்தியாசம் காதில் விழவே நாளானது. நமக்கு அது ஒன்றாம் வகுப்பிலேயே அரிச்சுவடியில் முடிந்த பாடம்.

சிரமம் வல்லினத்தில். நம் எழுத்தில் ஒரே 'க' நாலு விதமாக ஒலிக்கிறது. ஜெர்மனில் அவை வேறு வேறு எழுத்து, வேறு வேறு சொல். அதனால் ஜெர்மன் வார்த்தைக்கு மேலே பென்சிலால் தமிழில் எழுதிக்கொள்வதை என் வகுப்பில் தடை செய்திருக்கிறேன். 'கார்ட்டன்' என்று எழுதினால் அது தோட்டமா, சீட்டுக்கட்டா என்று தெரியாது. 'பக்கன்' என்று எழுதினால் கேக் சுடுவதா, பெட்டி கட்டுவதா என்று தெரியாது. (இந்தக் கட்டுரையில் வேறு வழியில்லாமல் நானே தமிழில் எழுதுகிறேன். வாசகர்கள் இதைப் பார்த்து உச்சரிப்புப் பழக வேண்டாம்.) ஒரு துண்டுக் காகிதத்தை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்வேன். சீட்டுக்கட்டைச் சொல்லும்போது காகிதம் படபடக்க வேண்டும். தோட்டத்தைச் சொல்லும்போது அசையக் கூடாது. தமிழ் வல்லினத்தில் மூச்சு வெளியே வருவதில்லை. அதனால் முதல் நாள் எவர் காகிதமும் அசையாது. நாலைந்து நாளில் வகுப்பு முழுக்கக் காகிதம் ஆடும்.

இன்னொன்று, நம் நாக்கிலேயே ஊறிப்போனது. மெல்லினத்துக்குப் பக்கத்தில் வல்லினம் வந்தால் அதுவும் மெலிந்துவிடும். தங்கம், பந்து, அம்பு. அதே பழக்கத்தில் நன்றி சொல்லும் 'டங்க்கெ' நம் வாயில் 'டங்கெ' ஆகிவிடுகிறது. "தங்கத்துல வர்ற ங்க இல்லம்மா, பேங்க்குல வர்ற ங்க்" என்பேன். இந்த ஒரு வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடும். இங்கிலீஷில் எழுதிய எந்தப் பாடப்புத்தகத்திலும் இந்தக் குறிப்பு கிடைக்காது, ஏனென்றால் இது தமிழ் பேசுகிறவரின் சிக்கல். பேட்ச்சுக்குப் பேட்ச் இதே இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுவதைப் பார்த்துத்தான் இதைக் கண்டுகொண்டேன்.

வேற்றுமைக்கு வருவோம். ஜெர்மனில் நாலு வேற்றுமை. அதில் 'டாட்டிவ்' என்பதைச் சொன்னாலே இங்கிலீஷ் வழியில் படித்தவர்கள் நடுங்குவார்கள். எந்தெந்த வினைச்சொல்லுக்கு டாட்டிவ் வரும் என்று ஒரு பட்டியல் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வார்கள்: உதவு, நன்றி சொல், பதில் சொல், பிடி, சொந்தமாயிரு, பொருந்து. தமிழில் படித்துப் பாருங்கள். அவருக்கு உதவினேன். உங்களுக்கு நன்றி. அவளுக்குப் பதில் சொன்னேன். எனக்குப் பிடித்திருக்கிறது. எனக்குச் சொந்தம். எனக்குப் பொருந்தும். எல்லாம் 'கு' உருபு. நாலாம் வேற்றுமை. மனப்பாடம் செய்ய எதுவுமே இல்லை, ஏற்கெனவே வாயில் இருக்கிறது.

இதை நான் வார்டிலிருந்தே எடுத்துச் சொல்வேன். ஒரு நோயாளி, "எனக்குத் தலை சுத்துது சிஸ்டர்" என்கிறார். ஜெர்மன் நோயாளி 'மீர் இஸ்ட் ஷ்விண்டெலிஷ்' என்பார். 'மீர்' என்பது நம் 'எனக்கு'. எனக்குக் குமட்டுது, எனக்குக் குளிருது, எனக்கு முதுகு வலிக்குது, எல்லாமே 'மீர்' போட்டுத்தான். உடம்புக்கு வருகிற இந்த மாதிரி உபத்திரவத்தை இரண்டு மொழியும் 'நான்' என்று சொல்வதில்லை, 'எனக்கு' என்கின்றன. இங்கிலீஷோ 'நான் குளிராக இருக்கிறேன்' என்று சொல்கிற மொழி. அந்த வழியாக வந்த மாணவி 'இஷ் பின் கல்ட்' என்பாள். அதற்கு அங்கே 'நான் ஈரமில்லாத ஆள்' என்று அர்த்தமாகிவிடும். நடுங்கிக்கொண்டிருக்கும் கிழவரிடம் போய் ஒரு நர்ஸ் அந்த அமைப்பில் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? மனசுக்குள் "உங்களுக்குக் குளிருதா" என்று தமிழில் கேட்டுப் பார்த்துவிட்டு ஜெர்மனில் சொன்னால் பிழையே வராது. 'இஸ்ட் ஈனன் கல்ட்?' உங்களுக்குக் குளிருதா? அவ்வளவுதான்.

தமிழை எல்லா இடத்திலும் நம்பிவிடக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நாம் "ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்கிறோம், 'கு' போட்டு. ஜெர்மனில் அந்த இடத்தில் இரண்டாம் வேற்றுமை வரும். "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்பதற்குத்தான் டாட்டிவ். அப்படியே தலைகீழ். அதனால் டாட்டிவுக்கு 'நாலாம் வேற்றுமை' என்றே பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் மாட்டிக்கொள்வார்கள். ஆளுக்கு வரும் 'கு' வேறு, ஊருக்கு வரும் 'கு' வேறு என்று பிரித்துச் சொல்கிறேன். "அவருக்கு போன் பண்ணினேன்" என்பதிலும் வழுக்கும். "அவரைக் கூப்பிட்டேன்" என்று மாற்றி நினைத்தால் சரியாக வரும். எந்தத் தமிழ் வாக்கியத்தை மனசில் வைத்துக்கொள்வது என்பதுதான் பாடமே.

வாக்கிய அமைப்பில் ஜெர்மனுக்கு இரண்டு முகம். சாதாரண வாக்கியத்தில் வினைச்சொல் இரண்டாம் இடத்தில் உட்கார்ந்தே தீரும். நம் பழக்கமோ அதைக் கடைசியில் வைப்பது. இதற்காக வகுப்பில் நாலு நாற்காலியை வரிசையாகப் போட்டிருக்கிறேன். ஆளுக்கொரு சொல்லட்டை. 'நான்' முதல் நாற்காலி, 'குடிக்கிறேன்' இரண்டாவது, 'இன்று' மூன்றாவது, 'காபி' நாலாவது. "இப்ப 'இன்று' முன்னாடி வரட்டும்" என்றதும் 'இன்று' அட்டைக்காரி முதல் நாற்காலிக்கு வருவாள். 'நான்' எழுந்து மூன்றாவதற்குப் போக வேண்டும். வினைச்சொல் அட்டை வைத்திருப்பவள் மட்டும் அசையவே கூடாது. யார் வந்தாலும் போனாலும் அவள் இடம் அவளுக்கு. கூச்ச சுபாவமுள்ள பெண்ணுக்கே அந்த அட்டையைக் கொடுப்பேன். வரிசை முழுக்கத் தன்னைச் சுற்றி நகர்வதை ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஆனால் 'ஏனென்றால்', 'என்று', 'போது' என்று சார்பு வாக்கியம் வந்துவிட்டால் வினைச்சொல் நேரே கடைசிக்குப் போய்விடும், தமிழைப் போலவே. "நேத்து நைட் டூட்டி பார்த்ததால..." என்று ஆரம்பிக்கும் நம் வாக்கியத்தில் 'பார்த்ததால' எங்கே வருகிறதோ அங்கேதான் ஜெர்மன் வினையும் வரும். இங்கிலீஷ் வழியில் வந்தவர்கள், பி1-க்கு அடுத்த பி2 வரை போன பிறகும் இதில் தடுமாறுவதை, வேறு இடத்தில் படித்துவிட்டு என்னிடம் வருபவர்களிடம் பார்க்கிறேன்.

பி2-வில் இன்னொன்று வரும். எனக்கு மிகப் பிடித்த பாடம் அது. ஜெர்மன் ஆஸ்பத்திரிக் கடிதங்களிலும் மருந்துச் சீட்டின் குறிப்புகளிலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு நீண்ட சரம் தொங்கும். இங்கிலீஷில் அதை உடைத்து, பின்னால் ஒரு வாக்கியமாகப் போட வேண்டும். தமிழில் உடைக்கவே வேண்டாம். 'டாக்டரம்மா எழுதிக்கொடுத்த மருந்து', 'நேற்று ஆபரேஷன் செய்யப்பட்ட நோயாளி'. நம் பெயரெச்சம் எந்த வரிசையில் நிற்கிறதோ அதே வரிசை. பலகையில் ஜெர்மன் வாக்கியத்தை எழுதி, ஒவ்வொரு சொல்லுக்கும் நேர் கீழே தமிழ்ச் சொல்லை வைத்துக்கொண்டே போவேன். கடைசிச் சொல் வரை கோடு குறுக்கே போகாது. மூளை குழம்பிப் போயிருந்த பெண்கள் அப்போது நிமிர்ந்து உட்காருவார்கள்.

தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நடுவிலுள்ள இந்தப் பாலத்தில் எதிர்த்திசையில் நடந்தவர்கள் முந்நூறு வருஷத்துக்கு முன்பே உண்டு. சாக்சனியின் புல்ஸ்னிட்ஸ் ஊரில் பிறந்த பர்த்தலோமேயுஸ் சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார். அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. பின்னால் வந்த கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்து 1856-இல் லைப்ஸிக்கில் வெளியிட்டார். ஒவ்வொரு பேட்ச்சிலும் நான் சீகன்பால்கு கதையைச் சொல்வேன். நம் ழகரத்தோடும் றகரத்தோடும் போராடிய ஒரு ஜெர்மானியரை நினைத்துக்கொண்டால், அவர்கள் மொழியின் 'ஊ'வும் 'ஈ'யும் கலந்த உயிரெழுத்தோடு நாம் போராடுவது நியாயமாகப் படும். (அதற்கும் ஒரு வழி உண்டு: 'ஈ' என்று சொல்லிக்கொண்டே, நாக்கை அசைக்காமல் உதட்டை மட்டும் குவிக்க வேண்டும்.)

பெயர்ச்சொல்லின் பாலுக்குத் தமிழ் உதவாது. கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. பால் காட்டும் டேர், டீ, டஸ் மூன்றையும் சொல்லோடு சேர்த்தே உருப்போட வேண்டும், வேறு குறுக்குவழி கிடையாது. குழந்தை ஏன் 'டஸ்' என்று மட்டும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. 'குழந்தை அழுகிறது' என்று சொல்லி வளர்ந்தவர்கள்.

எண்ணையும் மணியையும் நான் விளையாட்டாக விடுவதில்லை, ஏனென்றால் அவை உயிர் விஷயம். ஜெர்மனில் எண்பத்தைந்தை 'ஐந்தும் எண்பதும்' என்று சொல்வார்கள். காதில் விழுந்த வரிசையில் எழுதினால் 58 ஆகிவிடும். ரத்த அழுத்தம் குறிக்கும்போது இது என்ன ஆகும் என்று நர்ஸுகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மணியும் அப்படித்தான். 'ஹல்ப் ட்ரை' என்றால் நேர்ப் பொருளில் 'பாதி மூன்று'. நம் காதுக்கு அது மூன்றரை மாதிரி விழும். உண்மையில் அது இரண்டரை, மூன்றை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்ற கணக்கு. சார்ட்டில் 14.30 என்றுதான் எழுதியிருக்கும், ஆனால் வாயால் சொல்கிறவர்கள் 'ஹல்ப் ட்ரை' என்றுதான் சொல்வார்கள். தினமும் வகுப்பு ஆரம்பிக்கும்போது போன் நம்பர், பிரஷர், மாத்திரை நேரம் மூன்றையும் வேகமாகச் சொல்லி எழுத வைக்கிறேன். ஒரு பிழை இருந்தாலும் மறுபடியும் முதலிலிருந்து.

ஏ1 தேர்வின் பேச்சுப் பகுதி, தன்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில் தொடங்கும். பெயர், வயது, நாடு, ஊர், மொழி, தொழில், பொழுதுபோக்கு. பெயரிலேயே நம்மவர்கள் நின்றுவிடுவார்கள். அங்கே குடும்பப் பெயர் இல்லாத ஆள் கிடையாது. நம்மிடம் இருப்பதோ இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக ஏறியிருக்கும். அங்கே வேலைக்குச் சேர்ந்ததும், பெண்களுக்குப் போடும் 'ஃப்ராவ்' சேர்ந்து அந்தப் பெண் 'ஃப்ராவ் முருகேசன்' ஆகிவிடுகிறாள். வார்டு முழுக்க அப்பா பெயரால் கூப்பிடும்போது முதலில் திரும்பிப் பார்க்கவே தோன்றாது. அதனால் முதல் நாளிலிருந்தே வகுப்பில் நான் அந்தப் பெயரால்தான் அழைக்கிறேன். நல்ல வேளையாக, வயதான நோயாளிகள் இன்னும் நர்ஸை 'ஷ்வெஸ்டர்' என்று கூப்பிடுவதுண்டு. நம் 'சிஸ்டர்'தான்.

பண்பாடு என்றதும் ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு, குப்பையைத் தொட்டி தொட்டியாகப் பிரிப்பது, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைப்பது, பிறந்தநாள் வாழ்த்தை முந்தின நாளே சொல்லக் கூடாது என்பது, இவற்றைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அவை அங்கே போய்ச் சேர்ந்த பத்து நாளில் தானாகத் தெரிந்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு.

ஒன்று, உறவுமுறை. நம் ஊரில் ஒரு நர்ஸ் வயதான நோயாளியை "பாட்டி, கையக் காட்டுங்க" என்பாள். அதில் மரியாதையும் இருக்கிறது, பாசமும் இருக்கிறது. ஜெர்மனியில் நோயாளியை 'ஓமா' என்று கூப்பிட்டால் அது அவமரியாதை. ஃப்ராவ் போட்டு, குடும்பப் பெயரைச் சொல்லி, 'ஸீ' என்கிற 'நீங்க' போட்டுப் பேச வேண்டும். வகுப்பில் ஒருத்தியை மேஜை மேல் படுக்க வைத்து, இன்னொருத்தியை எழுப்பச் சொல்வேன். ஒரு முறை ஒரு பெண் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, "சார், பேர் சொல்லிக் கூப்பிட்டா ஆளு தூரமாப் போன மாதிரி இருக்கு. பாசத்த எதுல காட்டுறது?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. தொடுவதற்கு முன் சொல்வதில் காட்டலாம் என்றேன். 'இப்போது உங்கள் கையைத் தூக்கப் போகிறேன்', 'தண்ணீர் சரியான சூட்டில் இருக்கிறதா', 'கொஞ்சம் வலிக்கும்'. ஒவ்வொரு செய்கைக்கு முன்னாலும் சொல்லிவிட்டுச் செய்வது அங்கே மரியாதை, அதுவே கனிவு. அந்த வாக்கியங்களை ஒரு தனிப் பாடமாகவே ஆக்கிவிட்டேன்.

இரண்டாவது, வேலையின் தன்மை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, ஊட்டிவிடுவது, மலஜலம் கவனிப்பது எல்லாம் அங்கே முழுத் தகுதி பெற்ற நர்ஸின் அன்றாட வேலை. நம் ஊரில் அதைக் கூட இருக்கும் உறவினரோ அட்டெண்டரோ பார்த்துக்கொள்வார்கள். பி.எஸ்சி. நர்சிங் முடித்து ஐ.சி.யூ.வில் நாலைந்து வருஷம் இருந்தவள், போன முதல் வாரமே ஒருவரைக் குளிப்பாட்டச் சொன்னதும், தன்னைத் தாழ்த்திவிட்டதாக நினைத்து அழுத கதைகள் எனக்குத் தெரியும். அந்த ஊரில் நர்சிங் என்கிற தொழிலின் அஸ்திவாரமே அதுதான் என்று இங்கேயே சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் அனுப்புவது பாவம்.

சொல்லாமல் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். 2020 மார்ச்சில் ஜெர்மனியின் திறன்தொழிலாளர் குடியேற்றச் சட்டம் வந்தது. 2024 ஜூனில் வேலை தேடிப் போவதற்கான 'ஷான்சன்கார்டெ' வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், திறன்வாய்ந்த இந்தியர்களுக்கான விசாவை ஆண்டுக்கு 20,000-லிருந்து 90,000 ஆக்குவதாக அறிவித்தார்கள். அதன் பிறகு ஊரெல்லாம் ஃபிளெக்ஸ் பேனர். மூன்றே மாதத்தில் பி1 என்று ஒரு ஏஜென்ட் என் மாணவியின் வீட்டில் பணம் வாங்கிக்கொண்டு, ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட்டையும் கேட்டார். கொடுக்காதே என்று தடுத்தேன். பி1 நிலைக்கு வர 45 நிமிஷப் பாடவேளைகள் 350 முதல் 650 வரை தேவை என்பது கெதே நிறுவனம் சொல்லும் கணக்கு. பி2-வுக்கு 600 முதல் 800. நைட் டூட்டி பார்த்துக்கொண்டு படிக்கிற ஒரு பெண்ணுக்கு அது எத்தனை மாதம் என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டாலே பேனரின் பொய் தெரிந்துவிடும். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் செவிலியருக்கு ஜெர்மன் பயிற்சி நடத்துகிறது, அங்கே போய் விசாரித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று பெற்றோரிடம் நானே சொல்வேன். என்னிடம் சேராவிட்டாலும் பரவாயில்லை.

பி1, பி2 தேர்வில் படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என நாலு பகுதி. ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு அறுபது எடுக்க வேண்டும். விட்டதை மட்டும் திரும்ப எழுதலாம். நம் பிள்ளைகள் விடுவது பெரும்பாலும் கேட்டல். எழுதுதலில் இடறுகிறவர்கள் குறைவு. பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து சென்னை போய், எழும்பூரில் முகம் கழுவிக்கொண்டு நுங்கம்பாக்கத்தில் தேர்வு எழுதினால் காது எப்படி வேலை செய்யும்? முடிந்தால் முந்தின நாளே போய்த் தங்கு என்கிறேன். தங்குகிற செலவை நினைத்து யோசிக்கிறார்கள். அது உண்மையான கஷ்டம்தான். தேர்வு மையம் இந்தப் பக்கம் வரும் வரை அந்தச் செலவைப் படிப்புச் செலவில் சேர்த்துக் கணக்குப் போடச் சொல்கிறேன்.

பாஸ் செய்து போனவர்கள் வாட்ஸாப்பில் சந்தேகம் கேட்பார்கள். அந்தக் குரல் செய்திகள்தான் இப்போது என் பாடப்புத்தகம். ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் மாணவி போன மாதம் பேசினாள். அங்கே ஸ்வாபியப் பேச்சுவழக்கு. பாட்டிமார் 'ஃபூஸ்' வலிக்கிறது என்கிறார்களாம். புத்தக ஜெர்மனில் அது பாதம் மட்டும். அந்த வட்டாரத்தில் இடுப்புக்குக் கீழே முழுக் காலும் அதில் அடக்கம். "வேற ஸ்டேட்லருந்து வந்தவங்க பாதத்தையே தடவிக்கிட்டு இருந்தாங்க சார். எனக்கு நம்ம கால்னு சொல்ற மாதிரிதான் பட்டுச்சு. எங்க வலிக்குதுன்னு தொட்டுக் காட்டச் சொன்னேன், முட்டியக் காட்டுனாங்க" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். அங்கே 'ஹேபன்' என்றால் தூக்குவது இல்லையாம், பிடித்துக்கொள்வதாம். டம்ளரைப் பிடி என்று சொன்னவரிடமிருந்து அதைத் தூக்கி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், அவர் கோபப்பட்டிருக்கிறார்.

பவேரியாவில் இருப்பவளிடமும், ரைன் நதிப் பக்கம் இருக்கும் பையனிடமும் இதே மாதிரி சொற்களைக் கேட்டு எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பேட்ச்சில் பி2 தேர்வு முடிந்த பிறகும் ஒரு வாரம் வகுப்பு இருக்கும். யார் எந்த ஊருக்குப் போகிறார்களோ அந்த ஊர்ப் பேச்சு. அதற்குத் தனியாகக் கட்டணம் வாங்கப் போவதில்லை.